‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்று கொடுத்த பெர்சியன் குட்டி

கேள்வி: வணக்கம் டாக்டர். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். பையனின் பிடிவாதத்துக்காக பெங்களூருவில் ஒருவரிடம் பெர்சியன் பூனைக்குட்டி வாங்கி வந்தோம். இப்போது அதற்குப் பத்து வாரம். “ஏழாவது வாரத்திலேயே ஊசி போட்டாச்சு, இனி அடுத்த வருஷம் போட்டால் போதும்” என்று சொல்லி ஓர் அட்டை கொடுத்தார். அதில் ஒரு தேதியும், பேனாவால் எழுதிய ‘வேக்சினேட்டட்’ என்ற சொல்லும்தான் இருக்கின்றன. குட்டியை வெளியே விடப்போவதே இல்லை. அப்படியிருக்க இன்னும் ஊசி தேவையா? ரேபிஸ் ஊசியும் போட வேண்டுமா? நான்கு நாளாகத் தும்முகிறது, கண்ணில் நீர் வடிகிறது. நீலகிரித் தைலம் லேசாகத் தடவலாம் என்கிறார் மாமியார். எங்கள் வீடு சைவம். பாலும் தயிர் சாதமும்தான் கொடுக்கிறோம், விரும்பித்தான் சாப்பிடுகிறது. பையனின் முழங்கையில் வட்டமாக ஒரு தடிப்பு வந்திருக்கிறது. அதற்கும் பூனைக்கும் சம்பந்தம் உண்டா? மே மாதம் ஏற்காட்டில் உறவினரின் எஸ்டேட் வீட்டுக்குப் போவோம். குட்டியையும் கூட்டிப் போகலாமா?
வாசகி, அஸ்தம்பட்டி (மார்ச் முதல் வாரக் கடிதம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் காரியமாக அந்தத் தைலப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. நமக்குச் சளி பிடித்தால் இதமாக இருக்கும் நீலகிரித் தைலம், கற்பூரம், விக்ஸ், கிராம்பு எண்ணெய் எல்லாமே பூனைக்கு நஞ்சு. இந்த மாதிரிப் பொருள்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரல் செய்கிற வேலையைப் பூனையின் கல்லீரலால் சரிவரச் செய்ய முடியாது. உடம்பில் தடவியதைப் பூனை சும்மா விடவும் விடாது. உட்கார்ந்து நக்கி நக்கியே முழுவதையும் உள்ளே அனுப்பிவிடும். ஏற்காட்டுக்கு அடிக்கடி போய்வரும் வீடுகளில் இந்தத் தைலங்கள் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், குட்டிமேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்.

இதே காரணத்தால் பாரசிட்டமாலும் கூடாது. “காய்ச்சல் மாதிரி இருந்தது, குழந்தைக்குக் கொடுக்கிறதில் கால் மாத்திரை கொடுத்தோம்” என்று யாராவது பூனையைத் தூக்கி வந்தால் எங்களுக்குப் பதறும். ரத்தத்தால் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரு கிலோகூட இல்லாத குட்டியை அந்தக் கால் மாத்திரையே கொன்றுவிடும். தரை துடைக்கும் ஃபினாயிலும் டெட்டாலும் இந்த வகைதான். ஈரத் தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்குமே, அது போதும். குட்டி நடமாடும் அறைகளைச் சாதாரண சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

இனி தும்மல். பெர்சியனுக்கு முகம் சப்பை. கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் அதனால் வளைந்து நெரிந்து கிடக்கும். நோயே இல்லாவிட்டாலும் கண்ணோரம் நீர் வடிந்து, மூக்கின் இரு பக்கமும் பழுப்புக் கோடு விழும். அது அந்த இனத்தின் பிறவிக் குணம். ஆனால் தும்மலும் கூடவே வந்திருப்பதால், பூனைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இரண்டு வைரஸ்களின் வேலை இது. ஒன்று ஹெர்பிஸ், மற்றது கலிசி. பல பூனைகளை நெருக்கமாக வைத்து வளர்க்கும் இடங்களில் இவை எளிதில் பரவும். ஹெர்பிஸ் ஒருமுறை உள்ளே புகுந்தால் வாழ்நாள் முழுக்க நரம்பில் பதுங்கியிருந்து, இடம் மாறினாலோ பயந்தாலோ மறுபடி தலைகாட்டும். ஊர் விட்டு ஊர் வந்த குட்டி தும்முவதில் ஆச்சரியம் இல்லை.

நீர் தெளிவாக வடிந்து, குட்டி விளையாடிக்கொண்டு, வழக்கம்போலச் சாப்பிட்டால் பயப்பட வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. குளியலறையில் சுடுதண்ணீர் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் குட்டியோடு பத்து நிமிடம் வெறுமனே உட்கார்ந்திருங்கள். மூக்கடைப்பு இளகும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வந்தாலும், கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலும், நாக்கில் புண் தெரிந்தாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பூனை மோப்பத்தை நம்பித்தான் சாப்பிடும், மூக்கு அடைத்தால் தட்டைத் திரும்பியே பார்க்காது. வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த கண் சொட்டு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் ஹெர்பிஸ் புண்ணும் இருந்தால், கருவிழியே போய்விடலாம்.

உங்கள் கடிதத்தின் மையமான கேள்விக்கு வருகிறேன். ஏழாவது வாரத்தில் ஊசி போட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. அது பலித்ததா என்பதுதான் தெரியாது. போட்டவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்து சேர்கிறது. முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பது அதுதான். அது வாசலில் நிற்கும் கண்டிப்பான காவலாள் மாதிரி, நோய்க்கிருமியையும் விடாது, தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியையும் விடாது. உள்ளே வந்ததுமே அழித்துவிடும். குட்டியின் உடம்பு அந்தக் கிருமியைச் சந்திக்கவே இல்லை என்றால் சொந்தமாக எதிர்ப்பை எப்படி உருவாக்கும்? ஊசி போட்ட தேதி அட்டையில் இருக்கும், காப்பு உடம்பில் இருக்காது.

தாயிடமிருந்து வந்த இந்தச் சக்தி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். சில குட்டிகளுக்கு எட்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும், பலவற்றுக்குப் பன்னிரண்டு வாரம், சிலவற்றுக்குப் பதினாறு வாரம் தாண்டியும் மிச்சம் இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. இதில் ஒரு ஆபத்தான இடைவெளி இருக்கிறது. தாய் கொடுத்த சக்தி, தெருவில் இருக்கும் முரட்டு வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்திருக்கும். ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதுமான அளவுக்கு இருக்கும். அந்த நாள்களில் குட்டி எந்தப் பக்கமும் துணையின்றி நிற்கிறது. அது எந்த வாரம் என்று குட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். முதல் ஊசியில் மருந்து போதவில்லை என்பதால் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முயற்சி, எது பிடிக்கும் என்று தெரியாததால்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாய்ப் பூனைக்கு ஒழுங்காக ஊசி போட்டுப் பராமரிப்பவரிடம் வாங்கிய குட்டிக்குச் சீம்பால் வழியாக வரும் சக்தி அதிகம், அது நீடிக்கும் காலமும் அதிகம். நல்ல இடத்தில் வாங்கிய ஜாதிக் குட்டிக்குத்தான் ஆரம்பத்தில் போட்ட ஊசி வீணாகும் வாய்ப்பு கூடுதல். விலை கொடுத்து வாங்கியதால் காப்போடு வந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். எனவே எத்தனை ஊசி போட்டாச்சு என்று கேட்காதீர்கள். கடைசி ஊசி எத்தனையாவது வாரத்தில் போட்டது என்று கேளுங்கள். விடை பதினாறுக்குக் கீழே இருந்தால் வேலை முடியவில்லை.

உங்கள் குட்டிக்குக் கணக்கு இப்படி வரும். காய்ச்சல் இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வாரமே, அதாவது பதினோராவது வாரத்தில், மேலே சொன்ன ஹெர்பிஸ், கலிசி, இவற்றோடு பேன்லூக்கோபீனியா என்ற வாந்தி பேதி நோய், இந்த மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. நம் ஊரில் பலரும் ‘ட்ரைகேட்’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுவோ அதற்கு இணையான வேறு கம்பெனி மருந்தோ. மறுபடி ஏப்ரல் முதல் வாரம், பதினான்காவது வாரத்தில். மூன்றாவது ஏப்ரல் கடைசியில், பதினேழாவது வாரத்தில். இந்த மூன்றாவதைத் தவறவிடவே கூடாது. பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகு ரேபிஸ் ஊசி, பதினான்காவது வாரம் போகும்போதே அதையும் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஆறு மாத வயதில் ஒருமுறை மூன்று நோய் ஊசி. இதை ஒரு வயதில் போடுவதுதான் முன்பு வழக்கம். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் அதை ஆறு மாத வயதிலேயே போடச் சொல்கிறது. பதினாறாவது வாரத்திலும் ஊசி பிடிக்காமல் போன சில குட்டிகள் ஒரு வயது வரை காப்பில்லாமல் கிடக்க வேண்டாமே என்பதற்காக. அதன்பின் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது, பூனை வீட்டோடு இருக்கிறதா, மற்ற பூனைகளோடு பழகுகிறதா என்பதைப் பொறுத்தது. ரேபிஸை மட்டும் நம் ஊரில் வருடம் தவறாமல் போடுவதுதான் வழக்கம், அதைக் கடைப்பிடியுங்கள்.

இந்த வாரக் கணக்கெல்லாம் வயது சரியாக இருந்தால்தான். விற்பவர் சொன்ன வயதை அப்படியே நம்ப வேண்டாம், மருத்துவர் பல்லைப் பார்த்து உறுதி செய்வார். எட்டு வாரத்துக்குள் பால்பற்கள் எல்லாம் முளைத்திருக்கும். முன்பற்கள் விழுந்து புதிதாக முளைக்கத் தொடங்குவது ஏறக்குறைய மூன்றரை, நான்கு மாதத்தில். சந்தேகம் வந்தால் குட்டியை இளையதாகவே எடுத்துக்கொண்டு, கடைசி ஊசியைத் தள்ளிப் போடுவதுதான் பத்திரம்.

“வெளியவே விடறதில்லைங்க, எதுக்கு ஊசி?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பூனை வெளியே போவதில்லை, சரி. நீங்கள் போகிறீர்கள். மூன்றில் கொடியது பேன்லூக்கோபீனியா. நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோவின் நெருங்கிய உறவு அது. நோயுற்ற பூனையின் மலத்தில் வெளியாகும் வைரஸ், மண்ணிலும் தரையிடுக்கிலும் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். மாடிப்படியில் தெருப்பூனை படுத்த இடத்தை மிதித்த செருப்பு, வேலைக்கு வரும் அம்மாவின் பாதம், இன்னொரு வீட்டுப் பூனையைக் கொஞ்சிவிட்டு வந்த பையனின் சட்டை, இவை போதும். பதினேழாவது வார ஊசி போட்டு ஒரு வாரம் ஆகும்வரை செருப்பு வாசலுக்கு வெளியே, கை கழுவிய பிறகே குட்டி, வேறு பூனை உள்ளே வரக்கூடாது.

இந்த நோய் வந்த குட்டியைப் பார்த்தால் மறக்க முடியாது. காலையில் ஓடி விளையாடியது மாலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்தபடி குனிந்திருக்கும், தாகம் இருக்கும், ஒரு வாய் குடிக்காது. பிறகு மஞ்சள் நுரையாக வாந்தி, அடுத்து ரத்தம் கலந்த பேதி. வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கிவிடும். நேராக வைரஸைக் கொல்லும் வழக்கமான மருந்து எதுவும் கைவசம் இல்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டு, உடம்பே மீளட்டும் என்று இரவும் பகலும் காத்திருப்பதுதான் சிகிச்சை. ஊசி போடாத குட்டிகளில் பெரும்பகுதி பிழைப்பதில்லை. தடுத்திருக்கக்கூடிய நோயில் ஒரு குட்டி சாவதைக் குழந்தைகள் பார்க்கும்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். இதற்கு எதிரான ஊசி பிடித்துவிட்டால் காப்பு மிக உறுதியானது. ஹெர்பிஸ், கலிசி இரண்டுக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட பிறகும் தும்மல் வரலாம், ஆனால் பெரும்பாலும் உயிரை எடுக்கும் அளவுக்குப் போகாது.

உங்கள் வீட்டில் இதற்கு முன் ஏதாவது பூனை வாந்தி பேதியில் இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வைரஸுக்கு சோப்பும் ஸ்பிரிட்டும் ஒன்றும் செய்யாது. அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் அலச வேண்டும். அதுவரை குட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

ரேபிஸ் விஷயத்தில் என்னிடம் சமரசம் கிடையாது. வெறிநோயின் அறிகுறி தெரியத் தொடங்கிய பிறகு பூனையையும் காப்பாற்ற முடியாது, அது கடித்து நோய் வந்துவிட்ட மனிதரையும் காப்பாற்ற முடியாது. கதவு திறந்த ஒரு நிமிடத்தில் நழுவிப்போகும் பூனைகள் நிறைய, நம் தெருவில் நாய்களும் நிறைய. ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அதற்குள்ளோ பிறகோ குட்டி கடித்தாலோ, கீறி ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே மனிதருக்கான ரேபிஸ் ஊசி இலவசம். “நம்ம வீட்டுக் குட்டிதானே” என்று பையன் மறைத்துவிடாமல் இருக்க, கீறினால் திட்ட மாட்டோம் என்று இப்போதே அவனிடம் சொல்லி வையுங்கள்.

அந்த அட்டையைப் பற்றி. முறையாகப் போட்ட ஊசி என்றால், மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சின்ன ஸ்டிக்கர் அட்டையில் ஒட்டியிருக்கும். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி அதில் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும். உங்கள் அட்டையில் இவை இல்லாததால், அந்த ஊசியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடுத்து நீங்கள் போகும் இடத்தில் மருந்து எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் ஃப்ரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். ஒரு சிறு குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை உலர்ந்து ஒட்டியிருக்கும், இன்னொரு குப்பியில் திரவம். உங்கள் கண்ணெதிரே இரண்டையும் கலந்து, அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் ஐஸ் இல்லாமல் பையில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். மருந்து வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் யோசனையும் வேண்டாம்.

போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்குவது, தொடர் வாந்தி, மூச்சுத் திணறல் அபூர்வம், வந்தால் பெரும்பாலும் உடனே வரும். அன்றும் மறுநாளும் தூங்கி வழிவதும், சாப்பாடு குறைவதும் சகஜம். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி தென்பட்டால் தேதி குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தாண்டியும் கரையாவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ காட்டுங்கள். பூனைகளில் மிக அரிதாக அந்த இடத்தில் புற்று வருவதுண்டு. இந்தக் காரணத்தால்தான் பல மருத்துவர்கள் இப்போது பிடரியைத் தவிர்த்துக் காலில் போடுகிறார்கள்.

பையனின் முழங்கைத் தடிப்பு படர்தாமரையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெர்சியன்களிடம் இது அதிகம். அடர்ந்த முடிக்குள் மறைந்திருக்கும், சில நேரம் குட்டியிடம் ஒரு அடையாளமும் தெரியாமல் மனிதரிடம்தான் முதலில் தெரியும். வெளிச்சத்தில் குட்டியின் காது விளிம்பு, கண்ணைச் சுற்றி, முன்பாதம் மூன்றையும் முடியை விலக்கிப் பாருங்கள். முடி ஒடிந்து, சாம்பல் தூவியது போல் செதில் இருந்தால் அதுதான். மருத்துவர் ஊதா விளக்கின் கீழ் பார்ப்பார், தேவையானால் முடியைக் காளான் சோதனைக்கு அனுப்புவார். குணமாகப் பல வாரம் ஆகும், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். குட்டி படுக்கும் துணியைச் சுடுதண்ணீரில் தனியாகத் துவையுங்கள், உதிர்ந்த முடியைத் தினமும் எடுத்துவிடுங்கள். பையனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும், ஸ்டீராய்டும் சேர்த்துக் கலந்த க்ரீம்கள் முதலில் அரிப்பை அடக்கிவிட்டுப் பின்னால் படரவிடும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

சாப்பாடு பற்றி எழுதச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது, உங்கள் வீட்டு ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது. நாயால் முடிந்தது பூனையால் முடியாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது, அது இறைச்சியில்தான் இருக்கிறது. காரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தொளதொளத்துப் பெரிதாகி, கடைசியில் செயலிழக்கும் என்பதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கண்ணின் விழித்திரையும் கெடும். இதெல்லாம் மாதக்கணக்கில் மெதுவாக நடப்பதால், தயிர் சாதம் தின்று கொழுகொழுவென்று இருக்கும் பூனையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

அடுப்பங்கரையில் இறைச்சி நுழைய வேண்டியதில்லை. குட்டிகளுக்கென்று விற்கும் பாக்கெட் உணவில் டாரின் முதற்கொண்டு எல்லாம் அளவோடு சேர்த்திருக்கும். அதற்கென்று தனித் தட்டு, தனி இடம் வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீடுகள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், பழைய சாப்பாட்டோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பாலை நிறுத்திவிடலாம். பால் குடி மறந்த குட்டிக்கு அது பேதியைத்தான் தரும். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும், சாம்பார் பட்ட சோறுகூட, வேண்டாம், ரத்த அணுக்களை உடைக்கும். யாராவது ஆசையாக மேட்டூர் மீன் பச்சையாகக் கொண்டுவந்தால் அதையும் மறுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் குட்டியை நிறுத்துக் குறித்து வையுங்கள். மாதத்துக்கு அரைக்கிலோவை ஒட்டி ஏற வேண்டும். ஏறாமல் நின்றால், வேறு அறிகுறி தெரியும் முன்பே ஏதோ கோளாறு என்று அது சொல்லிவிடும்.

ஏற்காட்டுக்கு மே இரண்டாம் வாரத்துக்கு மேல் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பதினேழாவது வார ஊசியும் ரேபிஸும் அதற்குள் பிடித்திருக்கும். சேலத்து மே மாத வெயிலைவிட அந்தக் குளிர் பெர்சியனுக்கு எவ்வளவோ நல்லது. சப்பை மூக்கு இருப்பதால் மூச்சிரைத்து உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்ள அதனால் முடியாது. வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் பூட்டிய காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். மடியில் வேண்டாம், கூடையில் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி வையுங்கள். அந்தக் கூடை இப்போதிருந்தே வீட்டில் திறந்து கிடக்கட்டும், அதற்குள் வைத்துச் சாப்பாடு கொடுத்தால் பயம் போய்விடும்.

அங்கே நான் பயப்படுவது லில்லிக்கு. தோட்டத்திலும் பூச்சாடியிலும் வைக்கும் பெரிய மணப்பூ லில்லிகளின் இதழ், இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். முடியில் படிந்த மகரந்தத்தை நக்கினாலே போதும். கோடை விழா சமயத்தில் வீடு முழுக்கப் பூ வைப்பார்கள், போகும் முன்பே உறவினரிடம் சொல்லி அகற்றிவிடுங்கள். தின்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் மலையிறங்கிச் சேலம் வந்துவிடுங்கள். எஸ்டேட்டில் நாய்களுக்கு உண்ணிக்காக வைத்திருக்கும் பவுடரும், முதுகில் ஊற்றும் மருந்தும் பூனைக்கு ஆகாது. அவற்றில் பல பெர்மெத்ரின் கலந்தவை, உடம்பு உதறி வலிப்பு வந்துவிடும். பூனைக்கென்று எழுதியிருப்பதை, எடைக்கேற்ற அளவில் மட்டும். காபிச் செடிக்குள் அலையவிட வேண்டாம், எஸ்டேட் பூனைகளோடு பழகவும் விட வேண்டாம். மலை ஈரத்தில் நனைந்த முடியை அப்படியே விட்டால் படர்தாமரைக்கு வசதி, துடைத்துக் காயவைத்துச் சீவுங்கள்.

சீவுவது தினசரி வேலை. ஒரு நாள் விட்டால் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழும், அதைப் பிடித்திழுக்கும் வலியில் பூனை சீப்பையே வெறுக்கும். குடற்புழு மருந்து இப்போது மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கருத்தடையை ஐந்தாறு மாதத்தில் செய்துவிடுங்கள். பெண் குட்டி என்றால் முதல் பருவத்துக்கு முன் செய்வது பின்னாளில் மார்புக் கட்டி வரும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கும்.

வாங்கியவரிடம் இப்போதும் ஒன்று கேட்கலாம். பெர்சியன்களுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரகக் கொப்புள நோய் ஒன்று உண்டு. தாய் தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் சரிபாதி வாய்ப்பு. பெற்றோருக்கு மரபணுச் சோதனை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் குட்டிக்குப் பத்து மாதம் ஆனதும் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் உணவிலும் தண்ணீரிலும் கவனம் வைத்து நீண்ட நாள் நன்றாக வைத்திருக்கலாம். அந்தப் பூனையை இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக்கூடாது.

அடுத்த வாரம் மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டை, அன்று காலை போன மலம் ஒரு சிறு டப்பாவில், தும்முவதை எடுத்த செல்போன் வீடியோ மூன்றையும் கொண்டுபோங்கள். வெயில் ஏறும் முன் காலை நேரம் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்க வேண்டாம். அதற்கு முன்னால் என்ன நோயோடு எந்தப் பூனை அங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரியாது, மடியிலேயே வைத்திருங்கள்.